கல்யாண ஆல்பத்தில் ஒரு முகம் மங்கலாக இருந்தால்..? - உடம்பு தன்னையே அடிப்பது ஏன்?

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் அக்கா. அவளுக்கு அந்தப் பக்கம் அக்கா மகள். வயது 9. இலை போடுவதற்கு முன்பே அக்கா கைப்பையைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். குட்டி யாரையும் பார்க்கவில்லை. பட்டுச் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் வைத்து அழுத்தினாள். உதட்டுக்குள்ளேயே ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். மூடியைப் போட்டு அம்மாவிடம் நீட்டிவிட்டு, "பாயசம் எப்ப வரும்?" என்று எட்டிப் பார்த்தாள்.

எதிர் வரிசை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏண்டி, சின்னதுலேயே சாக்லேட்டா வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டியா?" என்றார் ஓர் அத்தை.

"மாசமா இருக்கும்போது இவ ஸ்வீட் பாக்ஸைக் கீழ வெச்சதே இல்லையே" என்றார் இரண்டாவது அத்தை.

மூன்றாவது அத்தை கொஞ்சம் கனிவானவர். "பாவம், எதிர்ப்பு சக்தி கம்மியான புள்ள. டி.வி-யில விளம்பரம் வருதே, ஏதாச்சும் பவுடர் வாங்கிக் கலக்கிக் குடு. சரியாயிடும்."

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு வருடமாக இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள் அவள்.

ராத்திரி வேனில் திரும்பும்போது குட்டி என் மடியில் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று கேட்டாள். "சித்தி, என் உடம்புல இருக்கிற போலீஸ்தான் இன்சுலின் செய்ற இடத்தை அடிச்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. அது என்னோட போலீஸ்தானே? அப்புறம் ஏன் என்னையே அடிச்சுது?"

வாரம் தவறாமல் உடம்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஆனால், அந்த வேனில் எனக்கு வாய் திறக்க முடியவில்லை. இந்த வாரக் கட்டுரை அவளுக்கான பதில். அந்த மூன்று அத்தைகளும் படித்தால் இன்னும் சந்தோஷம்.

சர்க்கரை ஒன்று, நோய் இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் டைப் 2. அதில் இன்சுலின் சுரக்கும். ஆனால், உடம்பு அதற்குச் சரியாகச் செவி சாய்க்காது. எடை, உணவு, உழைப்பின்மை, பரம்பரை எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன.

குட்டிக்கு வந்திருப்பது டைப் 1. இதில் இன்சுலினைத் தயாரிக்கும் செல்களே அழிந்துபோகின்றன. கணையத்துக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும் இந்த செல்களுக்கு பீட்டா செல்கள் என்று பெயர். அவற்றைக் கொல்வது கிருமி இல்லை, சாக்லேட் இல்லை, அம்மா சாப்பிட்ட மைசூர்பாகும் இல்லை. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள்தான். தாகம், எடை குறைவு என்று நோய் வெளியே தெரிய வருவதற்குள் பீட்டா செல்களில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆக, மூன்றாவது அத்தை சொன்னது நேர்மாறான விஷயம். அவளுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமல் இந்த நோய் வரவில்லை. இருக்கிற எதிர்ப்பு சக்தி தப்பான வீட்டுக் கதவைத் தட்டியதால் வந்தது.

அப்படியென்றால் குட்டியின் கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்: மற்ற எல்லாருடைய உடம்பிலும் டி செல்கள் ஏன் சொந்த உறுப்புகளை அடிக்காமல் இருக்கின்றன? 'நம்ம ஆளு, விடு' என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பதில், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது.

வேண்டாதது என்று நினைத்த உறுப்பு

நெஞ்சின் நடு எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களோடு இருக்கும் சின்ன உறுப்புக்குத் தைமஸ் என்று பெயர். குழந்தையாக இருக்கும்போது உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் இது ரொம்பப் பெரியது. வயதுக்கு வரும் பருவத்துக்குப் பிறகு மெள்ளச் சுருங்கி, இடமெல்லாம் கொழுப்பாகிவிடும். பெரியவர்களிடம் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால், ரொம்ப காலத்துக்கு இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர்களும் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூக்கத்தில் திடீரென்று இறந்துபோன குழந்தைகளின் தைமஸ் 'வீங்கி' இருப்பதாக மேற்கத்திய டாக்டர்கள் கண்டார்கள். அது மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்று முடிவு கட்டினார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். உண்மையில் அது வீக்கமே இல்லை. குழந்தைக்கு இருக்க வேண்டிய சாதாரண அளவு. அதுவரை பிரேதப் பரிசோதனைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் நீண்ட நாள் நோயில் வாடி இறந்த ஏழைகளின் உடல்கள். நோயில் வாடினால் தைமஸும் வாடிவிடும். அந்த வாடிய அளவைச் 'சரியான அளவு' என்று நம்பிவிட்டார்கள். கதிர் வாங்கிய குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

இந்த உறுப்பின் வேலை வெளியே தெரிந்தது 1961-ல். லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்ற இளம் டாக்டர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அறுவை செய்து எடுத்தார். அந்த எலிகள் நோஞ்சானாகி, சாதாரணத் தொற்றுகளுக்கே பலியாயின. வேறு எலியின் தோலை ஒட்டினால் அதை எதிர்க்கக்கூடத் தெம்பில்லாமல் ஏற்றுக்கொண்டன. தைமஸ் இல்லையென்றால் எதிர்ப்பு சக்தியே இல்லை என்று உலகத்துக்குத் தெரிந்தது. டி செல் என்ற பெயரில் இருக்கும் 'டி', தைமஸின் முதல் எழுத்துதான்.

அடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் என்று முதலில் தெரிந்தது. அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும் இதே இடம்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

வெளியூர்ப் பையன்களும் தாய்மாமனும்

அந்தக் கல்யாணத்துக்கே திரும்பப் போகிறேன். மண்டப வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வெளியூர்ப் பையன்களைப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து இறங்கினார். "யார் சார் நீங்க? வண்டியை வெளிய எடுங்க" என்று மடக்கிவிட்டான் ஒரு பையன். மாமன் கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பாத குறை. நாலு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

அந்தப் பையன் மேல் என்ன தப்பு? அவனுக்கு யாரைத் தெரியும்? யாராவது முதல் நாளே கல்யாண வீட்டு ஆல்பத்தைக் காட்டி, 'இவங்கல்லாம் நம்ம ஆளுங்க' என்று சொல்லியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது.

டி செல்களின் கதையும் இதுதான். அவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, பிஞ்சாகவே தைமஸுக்கு வந்து சேர்கின்றன. அங்கே ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஓர் 'உணர்கொம்பை' உருவாக்கிக்கொள்கிறது. ஒரு செல், ஒரு வகைக் கொம்பு. அந்தக் கொம்பில் எது பொருந்துகிறதோ அதுதான் அதற்கு எதிரி. எளிதாகச் சொன்னால், ஒவ்வொரு பையனும் மனதில் ஒரே ஒரு முகத்தை வரைந்து வைத்துக்கொள்கிறான்.

அந்த முகத்தை எப்படி வரைகிறான்? குருட்டாம்போக்கில். மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டு, வந்ததை ஒட்டிக்கொள்கிறான். இப்படி எத்தனையோ கோடி விதமான முகங்கள் உருவாகின்றன.

ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வரைய வேண்டும்? நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. கொரோனா வந்தபோது அது மனித இனம் அதுவரை சந்திக்காத வைரஸ். ஆனாலும், அதன் துண்டுகளைப் பிடிக்கக்கூடிய டி செல்கள் நம்மிடம் இருந்தன. எல்லா முகத்தையும் வரைந்து வைத்தால்தான் எந்த முகம் வந்தாலும் பிடிக்க முடியும்.

இதற்கு ஒரு விலை உண்டு. குருட்டாம்போக்கில் வரைந்தால், சில பையன்கள் தாய்மாமன் முகத்தையும் வரைந்துவிடுவார்கள். சிலர் இதயத்தை, சிலர் கண்ணை, சிலர் இன்சுலினை. இது விபத்து இல்லை. எல்லார் உடம்பிலும், தினம் தினம் நடப்பது. அதனால்தான் யாரும் பரிட்சை எழுதாமல் தைமஸை விட்டு வெளியே போக முடியாது.

இரண்டு பரிட்சைகள்

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். 'என் வீட்டுக்குள்ள இதெல்லாம்தான் இருக்கு, பார்த்துக்கோ' என்று காட்டுவதுபோல. இந்தத் தட்டுகளுக்கு ஹெச்.எல்.ஏ என்று பெயர். டி செல் தட்டைப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்லும்.

முதல் பரிட்சை, தைமஸின் வெளிப்பகுதியில் நடக்கிறது. கேள்வி ஒன்றுதான்: உனக்குத் தட்டைப் பார்க்கத் தெரிகிறதா? பெரும்பாலான செல்களின் கொம்புக்குத் தட்டே பிடிபடாது. அவற்றுக்கு 'உயிரோடு இரு' என்ற சமிக்ஞை கிடைக்காமல் அங்கேயே மடிந்துவிடும்.

தேறியவர்கள் உள்பகுதிக்குப் போகிறார்கள். அங்கே இரண்டாவது பரிட்சை. இப்போது தட்டில் நம் உடம்பின் சொந்தப் புரதத் துண்டுகளை வைத்துக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு அமைதியாக நகர்ந்தால் பாஸ். பாய்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் ஃபெயில். அப்படிப் பாயும் செல் அங்கேயே தன்னை மாய்த்துக்கொள்ளும்படி செய்யப்படுகிறது.

இரண்டு பரிட்சையும் முடிந்து ரத்தத்துக்குள் போகிறவர்கள், உள்ளே வந்த நூறு பேரில் ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். மீதி அத்தனை பேரும் உள்ளேயே முடிந்துபோகிறார்கள். நம் நாட்டின் எந்த நுழைவுத்தேர்வுக்கும் சளைத்ததில்லை இது.

ஆல்பம் காட்டும் ஏர்

இங்கேதான் விஞ்ஞானிகளை ரொம்ப நாள் குழப்பிய கேள்வி வருகிறது. பரிட்சை நடப்பது நெஞ்சுக்குள். இன்சுலின் உற்பத்தியாவது கணையத்தில். கண் திரையின் புரதம் கண்ணில். தைராய்டு புரதம் கழுத்தில். நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிற தைமஸ், அங்கே இல்லாத உறவினர்களின் முகத்தை எப்படிக் காட்டும்?

ஆல்பம் வைத்துத்தான்.

நம் உடம்பின் எல்லா செல்களிலும் முழு மரபணுப் புத்தகமும் இருக்கிறது. ஆனால், கண் செல் கண்ணுக்கான பக்கத்தை மட்டும் திறக்கும், கணையம் கணையத்துக்கான பக்கத்தை மட்டும் திறக்கும். தைமஸின் உள்பகுதியில் இருக்கும் சில செல்கள் மட்டும் இந்த ஒழுங்கை மீறுகின்றன. தங்களுக்குத் துளியும் தேவையில்லாத இன்சுலினை, கண் புரதத்தை, உமிழ்நீர்ப் புரதத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துத் தட்டில் வைக்கின்றன. ஒரே செல்லிடம் முழு ஆல்பமும் இருக்காது. ஒவ்வொன்றும் சில பக்கங்களைத்தான் காட்டும். பழகுநர் டி செல் ஒவ்வொருவரிடமாகப் போய் எல்லாப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கங்களைத் திறந்துவிடும் முக்கியமான மரபணுவுக்கு 'ஏர்' என்று பெயர். நம்ம ஊர் உழவு ஏர் இல்லை. நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம். ஆனால், மூடிக்கிடக்கிற மண்ணைப் புரட்டிப் போடுவதுபோல் மூடிக்கிடக்கிற மரபணுக்களைத் திறப்பதால், பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏர் பழுதானால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பின்லாந்தில் கிடைத்தது. அங்கே சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வமான பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. சின்ன வயதிலேயே வாயில் விடாத பூஞ்சைத் தொற்று வரும். பிறகு கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அழியும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அழியும். சிலருக்கு டைப் 1 சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். ஒரே உடம்பில் ஒவ்வோர் உறுப்பாக டி செல்கள் அடிக்கும். இதற்குக் காரணமான மரபணு 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் ஏர்.

ஒரே ஒரு மரபணு கெட்டால் இத்தனை உறுப்பு ஏன் அடி வாங்க வேண்டும்? 2002-ல் டயான் மேத்திஸ், கிறிஸ்டோஃப் பெனுவா ஆகியோரின் ஆய்வுக்குழு பதில் சொன்னது. ஏர் இல்லாத எலிகளை உருவாக்கி, அவற்றின் தைமஸைத் திறந்து பார்த்தார்கள். ஆல்பத்தின் பக்கம் பக்கமாகக் காணாமல் போயிருந்தது. அந்த எலிகளின் பல உறுப்புகளை அவற்றின் டி செல்களே தாக்கிக்கொண்டிருந்தன.

2006-ல் வந்த இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த முறை ஏரில் கை வைக்கவில்லை. கண் திரையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் தைமஸில் இல்லாமல் செய்தார்கள். அதாவது, ஆல்பம் முழுசாக இருக்கிறது, ஒரு படம் மட்டும் இல்லை. அந்த எலிகளுக்குக் கண்ணில் அழற்சி வந்தது. ஒரே ஒரு முகம் விட்டுப்போனதற்கே!

குட்டியின் ஆல்பம்

இப்போது குட்டியின் கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். அவளுக்கு அந்தப் பின்லாந்து நோய் இல்லை. அவளுடைய ஏர் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஏன் இன்சுலின் செய்யும் செல்கள் மட்டும் அடி வாங்கின?

1997-ல் வெளியான ஆய்வுகள் ஒரு துப்பு கொடுத்தன. நம் இன்சுலின் மரபணுவுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. சிலருக்கு அது நீளம், சிலருக்குக் குட்டை. நீளமாக இருப்பவர்களின் தைமஸில் இன்சுலின் இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தயாராகிறது. அவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பும் குறைவு. ஆல்பத்தில் தாய்மாமன் படம் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. அதனால், பையன்களுக்கு நன்றாகப் பதிந்துவிடுகிறது. குட்டையாக இருப்பவர்களுக்குப் படம் கொஞ்சம் மங்கல். மங்கலான படத்தைப் பார்த்துத் தேறிய பையன்களில் ஒருசிலர், வெளியே மாமனை நேரில் பார்க்கும்போது மடக்கிவிடலாம்.

இது மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டைத் துண்டு உள்ள பெரும்பாலானவர்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். தட்டின் வடிவமும், அதாவது ஹெச்.எல்.ஏ வகையும், இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையர்களில் ஒருவருக்கு டைப் 1 வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. பரம்பரையும் சூழலும் தற்செயலும் சேர்ந்து எழுதும் கணக்கு இது. அந்தக் கணக்கில் சாக்லேட்டுக்கு இடமில்லை. அம்மாவின் கவனக்குறைவுக்கும் இடமில்லை.

வாசலில் நிற்கும் பெரியவர்கள்

பரிட்சை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சில முரடர்கள் தப்பித்து வெளியே வந்துவிடுவார்கள். அது எல்லார் உடம்பிலும் நடக்கிறது. பிறகு எப்படிப் பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறோம்?

கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் இருப்பார்கள். பையன் யாரையாவது மடக்கினால், "விடுப்பா, நம்ம ஆளுதான்" என்று தோளில் தட்டி அமர்த்துவார்கள். உடம்பிலும் அப்படி ஒரு வகை டி செல் உண்டு. தைமஸின் இரண்டாவது பரிட்சையில் சொந்தப் புரதத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொள்ளும் சில செல்கள் கொல்லப்படுவதில்லை. அடக்கி வைக்கும் வேலைக்கு மாற்றப்படுகின்றன. இவற்றுக்குச் சீராக்கும் டி செல்கள் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. எலிக்குட்டி பிறந்து மூன்றாம் நாள் தைமஸை எடுத்தால், எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ். எதிர்ப்பு சக்தி வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தாக்கியது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, ஆரோக்கியமான எலியின் டி செல்களை அவற்றுக்குச் செலுத்தினார். தாக்குதல் தடுக்கப்பட்டது. அப்படியென்றால் டி செல்களிலேயே ஓர் அமைதிப்படை இருக்கிறது என்று தேடிப்போய், 1995-ல் அதை அடையாளம் காட்டினார். 2001-ல் அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அந்தப் படைக்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது கெட்டுப்போன ஆண் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே டைப் 1 சர்க்கரை நோய் வந்துவிடுகிறது.

2025-ல் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. அறிவிப்பு வந்தபோது ராம்ஸ்டெல் போன் தொடர்பில்லாமல் மலைப்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது அந்த வாரத்தின் வைரல் செய்தி. எங்கள் டெஸ்க்கிலும் அதைத்தான் போட்டோம். அவர் எதற்குப் பரிசு வாங்கினார் என்று அன்றைக்கு நானே சரியாகப் படிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பவுடர் வாங்குவதற்கு முன்..

இனிமேல் 'இம்யூனிட்டியைக் கூட்டும்' என்று ஒரு டப்பாவில் பார்த்தால், ஒரு நிமிடம் இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். அடிக்கும் சக்தியை மட்டும் கூட்டுவது நல்லதில்லை. புற்றுநோய் சிகிச்சையில் டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள் உண்டு. பல உயிர்களைக் காப்பாற்றுகின்றன. அதே மருந்தால் சிலருக்குத் தைராய்டிலும் குடலிலும் அழற்சி வருகிறது. அபூர்வமாக டைப் 1 சர்க்கரை நோயே வருகிறது. பிரேக் இல்லாத வண்டி வேகமாகப் போகும்தான். எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறதா? அடிக்கடி சிறுநீர் போகிறதா? படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா, எப்போதும் சோர்ந்து கிடக்கிறதா? அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் அது அவசர நிலை. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

டைப் 1 என்று தெரிந்த பிறகு, யார் என்ன பொடி, கஷாயம் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. இந்த நோயில் இன்சுலின் உணவு மாதிரி; நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் இருந்தால் பள்ளிக்கூடம், விளையாட்டு, கல்யாணப் பந்தி எல்லாம் உண்டு. கணக்குப் பார்த்துச் சாப்பிட்டால் பாயசமும் உண்டு.

கடைசியாக அத்தைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் 'என்ன குடுத்தே?' என்று கேட்காதீர்கள். 'சாப்டியாம்மா?' என்று கேளுங்கள். போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குட்டியை உட்கார வைத்து, வெளியூர்ப் பையன், ஆல்பம், தாய்மாமன் எல்லாக் கதையையும் சொன்னேன். சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப என் ஆல்பத்துல அந்த மாமா போட்டோ சரியா தெரியலையா சித்தி?"

"அப்படி இருக்கலாம்டா."

"அது யார் செஞ்ச தப்பு?"

"யாரும் செய்யல. ஆல்பம் அச்சாகும்போதே சில சமயம் அப்படி வந்துடும்."

"அம்மாவும் செய்யலையா?"

"அம்மாவும் செய்யல."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

குட்டிக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "அந்தப் பசங்க இப்பவும் உள்ளதான் இருக்காங்களா? எனக்குக் காய்ச்சல் வந்தா கிருமியை அடிப்பாங்களா?"

"கண்டிப்பா அடிப்பாங்க. அதுல அவங்க கெட்டிக்காரங்க."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.